மாலை விருந்துக்கு எந்தக் கைப்பை?

பட்டுச்சேலை, அதற்கேற்ற நகை, பொருத்தமான காலணி என எல்லாவற்றையும் ஒரு வாரத்திற்கு முன்பே எடுத்து வைக்கும் பெண்கள் பலர், கைப்பையை மட்டும் கிளம்பும் நேரத்தில்தான் தேடுகின்றனர். கடைசியில், வேலைக்குக் கொண்டு போகும் பெரிய தோள்பையே விருந்து மண்டபத்திற்கும் போய்ச் சேருகிறது. கைப்பை சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால், அடையாள அட்டை, வீட்டுச் சாவி, பணம், வங்கி அட்டை அனைத்தும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே, அதைத் தேர்ந்தெடுக்கும்போது அழகோடு பாதுகாப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிறிய பை ஏன்?

நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் வெற்றிலை, சில்லறை, சாவி எல்லாம் அடங்கிவிடும். ஐரோப்பியப் பெண்களும் ஒரு காலத்தில் பாவாடைக்குள் கட்டிய பைகளில்தான் பொருள்களை வைத்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய, ஒடுக்கமான ஆடைகள் வந்தபோது உள்ளே இடமில்லாமல், சிறிய பையைக் கையில் எடுத்துச் செல்லத் தொடங்கினர். 1930-களில் பாரிஸின் வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பல்ஸ் நகை நிறுவனம், முகப்பவுடர், உதட்டுச்சாயம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அறைகள் வைத்த உலோகப் பெட்டிப் பையைச் செய்தது. 1955 பிப்ரவரியில் கோகோ ஷனேல் சங்கிலி வார் வைத்த பையை அறிமுகப்படுத்தினார். தோளில் மாட்டிக்கொண்டதால் இரு கைகளுக்கும் விடுதலை கிடைத்தது. இன்று விருந்துக்கு எடுத்துச் செல்லும் பைகளில் பெரும்பாலானவை இந்த வகைகளின் வழிவந்தவையே.

சேலைக்கு ஏற்றது எது?

கனமான சரிகைச் சேலைக்கு வேலைப்பாடற்ற பை. எளிய சேலைக்கு வேலைப்பாடு மிகுந்த பை. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். பையின் நிறம் சேலையின் நிறமாகவே இருக்க வேண்டியதில்லை. கரையின் நிறத்தோடு அல்லது நகையின் நிறத்தோடு ஒத்துப்போனால் போதும். பாத்தேக் அல்லது பாஜு கூரோங் அணிபவர்களுக்கு சொங்கேட் துணியில் தைத்த பையும், மலாக்கா, பினாங்கில் புகழ்பெற்ற நியோன்யா மணிவேலைப் பையும் எடுப்பாக இருக்கும்.

கல் பதித்த பைகளை வாங்கும்போது விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. விரலைக் கீறும் விளிம்பு பட்டு நூலையும் இழுத்துவிடும். சங்கிலிப் பையை இடது தோளில் மாட்டினால் முந்தானை மடிப்பு கலையும்; சரிகையும் சிக்கிக்கொள்ளும்.

கும்பிடக் கை வேண்டும்

மேற்கத்திய விருந்தில் பையை இடக்கையில் பிடித்து, வலக்கையால் கைகுலுக்குவார்கள். நமக்கோ வணக்கம் சொல்ல இரண்டு கைகளும் வேண்டும். மணமக்களை வாழ்த்த வேண்டும், அன்பளிப்பு உறையைக் கொடுக்க வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டும். எனவே, மணிக்கட்டில் மாட்டும் வளைய வார் உள்ள பையே நமக்கு வசதி.

உணவு மேசையில் பையை வைப்பது அழகல்ல. நாற்காலியின் பின்னால் தொங்கவிட்டால் யார் எடுத்தாலும் தெரியாது. மடியே அதற்குச் சரியான இடம். மேடைக்குப் படம் எடுக்கப் போகும்போதும் பை உடன் போகட்டும்.

அளந்து வாங்குங்கள்

இன்றைய கைத்தொலைபேசிகள் பல 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானவை. அழகைப் பார்த்து வாங்கிய பையில் தொலைபேசி நுழையாமல் போவது பலருக்கு நேர்கிறது. கடையிலேயே தொலைபேசியையும் மூக்குக்கண்ணாடியையும் உள்ளே வைத்து மூடிப் பார்த்துவிட வேண்டும்.

நம் ஊர் ஈரக்காற்றில் செயற்கைத் தோல் பைகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நாளடைவில் உரிந்துவிடும். உண்மைத் தோலில் பூஞ்சணம் பூக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், உள்ளே காகிதம் அடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே சிறந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை எடுக்கப்போகும் பைக்காகக் கடன் அட்டையைத் தேய்ப்பதும் புத்திசாலித்தனமல்ல.

வாசலைத் தாண்டியதும்

2004-ஆம் ஆண்டில் மலேசியாவில் கைப்பைப் பறிப்பின்போது கீழே விழுந்து பெண்கள் உயிரிழந்த சம்பவங்கள் நாட்டையே உலுக்கின. விருந்து முடிந்து, நகையணிந்து, இரவில் கார் நிறுத்துமிடத்திற்கு நடக்கும் பெண் இதை மறக்கக்கூடாது. எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கமாக நடந்தால், சாலை இடப்புறம் இருக்கும். அப்போது பை வலக்கையில் இருக்கட்டும். மண்டபத்தில் உதவிய மணிக்கட்டு வாரை வெளியே வரும் முன் கழற்றிவிட வேண்டும். காரில் ஏறியதும் பையைப் பக்கத்து இருக்கையில் வைக்காமல், கண்ணில் படாதபடி காலடியில் வைப்பது பாதுகாப்பு.

மலேசிய அடையாள அட்டையில் வீட்டு முகவரி அச்சிடப்பட்டிருக்கிறது. அதனோடு வீட்டுச் சாவியும் ஒரே பையில் இருந்தால், பறித்தவன் கையில் வீடே போய்விடும். சாவியைக் கணவரிடமோ உடன் வருபவரிடமோ கொடுத்து வைக்கலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் யாராவது பையைப் பிடித்து இழுத்தால், போராடாமல் உடனே விட்டுவிட வேண்டும். போலீசில் புகார் செய்யலாம், வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்கலாம், வேறு பையும் வாங்கலாம். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அம்மா பத்திரமாகத் திரும்பி வருவதே முக்கியம்.