ஐகான் வந்தாலும் அது பிரவுசர்தான்

20-ம் தேதி நெருங்குகிறது. ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவம் தாக்கல் செய்கிறவர்களின் கடிதங்களில் இம்முறை வரியைவிட ஐகான்தான் அதிகம் அடிபடுகிறது. அமராவதி நகரில் வீட்டிலிருந்தபடியே திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதும் வாசகர் கேட்கிறார்: "ஜிஎஸ்டி தளத்தைக் குரோமில் ஆப்பாக இன்ஸ்டால் செய்தேன். ஆப்பில் நிட்டிங் கம்பெனி, பிரவுசரில் டையிங் யூனிட் என இரண்டையும் ஒன்றாகத் திறக்கப் பார்த்தால், ஒன்றில் நுழைந்ததும் மற்றது போய்விடுகிறது. ஏன்?"

பொத்தானில் 'இன்ஸ்டால்' என்று எழுதியிருந்ததை நம்பியதால். கம்ப்யூட்டரில் புதிய மென்பொருள் எதுவும் ஏறவில்லை. விண்டோஸ் என்றால், டெஸ்க்டாப்பில் உள்ள அந்த ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' என்ற வரியைப் படியுங்கள். குரோமின் கோப்பு, ஒரு புரொஃபைலின் பெயர், நீளமான ஓர் அடையாளக் குறி. அவ்வளவுதான் சங்கதி. இந்தப் புரொஃபைலில் இந்தப் பக்கத்தை முகவரிப் பட்டை இல்லாமல் திற என்று குரோமுக்கு இடும் கட்டளை அது. நீங்கள் யாராக உள்ளே நுழைந்தீர்கள் என்பதை நினைவில் வைக்கும் குக்கீகள் அந்தப் புரொஃபைலுக்குள் இருக்கின்றன. இரண்டு கவுன்ட்டர் போட்டாலும் கல்லாப்பெட்டி ஒன்றுதான். பிரவுசரில் குக்கீகளைத் துடைத்தால் ஆப்பும் மறுபடி லாகின் கேட்கும்.

கம்பெனிக்கு ஒரு புரொஃபைல் போடுங்கள். குரோமில் வலது மேல்மூலைப் படத்தைத் தட்டினால் புதிது சேர்க்கலாம். கூகுள் கணக்கு கட்டாயமில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே இன்ஸ்டால் செய்தால் குக்கீகள் கலக்காது. தளத்தை ஆப்பாக்க ஆப்பிள் 2023-ல் மேக்கின் சஃபாரியில் கொண்டுவந்த வசதி குக்கீகளைத் தானாகவே பிரித்துவைக்கிறது. பனியன் கம்பெனி ஆபீஸில் மேக் எத்தனை இருக்கும் என்பது வேறு விஷயம்.

எனக்கு உறுத்துவது முகவரிப் பட்டை காணாமல் போவதுதான். எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று காட்டும் ஒரே இடத்தை, நேர்த்தி என்ற பெயரில் மறைத்துவிடுகிறார்கள். செக் நாட்டு வங்கி வாடிக்கையாளர்களின் போன்களைக் குறிவைத்து, போலி வங்கி ஆப்களை இதே நுட்பத்தில் நிறுவவைத்த மோசடியை 2024-ல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய்ச் செய்யுங்கள்.

மற்ற கேள்விகள்:

நெட் இல்லாமல் ஓடுமா? தளத்தை அதற்கென எழுதியிருந்தால் மட்டும். இன்ஸ்டால் ஆனது அதற்கு அத்தாட்சி அல்ல.

வேகம் கூடுமா? என்ஜின் அதேதான்.

ஃபயர்பாக்ஸில்? 2021-ல் கைவிட்ட முயற்சி, 2025-ல் விண்டோஸில் மட்டும் திரும்பியிருக்கிறது.

இ-வே பில்லுக்கு ஓடிபி தப்புமா? தப்பாது, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம்.

கடைசியாக ஒரு நினைவூட்டல்: காலாண்டுத் திட்டத்தில் உள்ள தமிழ்நாட்டு யூனிட்டுகளுக்கு 3பி கெடு 20 அல்ல, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ம் தேதி.