பால்மரக் காட்டிலிருந்து பெகோ வரை

மலாக்காவின் பாயா ரும்புட்டிலிருந்து அலோர் காஜா பக்கம் போனால் பெகோ தொழிற்பேட்டை. ஹோண்டா கார்கள் உருவாகும் இடம். இந்த வட்டாரத்துத் தமிழருக்குக் காரோடு உள்ள உறவு அந்தத் தொழிற்சாலையைவிட மிகப் பழையது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் கன்றுகளை டான் சே யான் 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று நம் முன்னோர் வெட்டிய பால், கப்பலேறி மேல்நாட்டுக் கார்களுக்கு டயரானது. டயர் செய்த டன்லப்பே இங்கே தோட்ட முதலாளியாகவும் இருந்தது. லண்டனில் ரப்பர் விலை விழுந்தால் லயத்தில் கஞ்சி தண்ணீரானது.

பிற்காலத்தில் தோட்டத்தில் ஹோண்டா என்றால் கப்சாய்தான். அந்த மோட்டார் சைக்கிளை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கு லோ பூன் சியூ. ஹோண்டா கார்களோ உதிரிகளாக வந்து ஜொகூர் பாருவில், அவருடைய ஓரியண்டல் நிறுவனத்தின் ஆலையில் பூட்டப்பட்டன.

2000இல் ஜப்பான் நிறுவனமே பெரும்பங்கு முதலாளியாக வந்தது. ஹோண்டா மலேசியாவில் 51 விழுக்காடு அதற்கு. 34 உள்நாட்டு நிறுவனமான டிஆர்பி-ஹைகோமுக்கு, 15 ஓரியண்டலுக்கு. ஆசியான் நாடுகளுக்குள் இறக்குமதி வரி இறங்கப்போகும் நேரம் அது. 2003இல் பெகோ ஆலை ஓடத் தொடங்கியது. 2014இல் இரண்டாவது உற்பத்தி வரிசை திறந்தபோது ஆண்டுக்கு 100,000 கார்கள் செய்யும் திறன் வந்தது.

முதலாளி அன்றும் வெளிநாட்டான், இன்றும் வெளிநாட்டான். விலை விழுந்தால் அன்று லயம் வாடியதுபோல, 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து உதிரிகள் நின்றபோது பெகோவிலும் வேலை நின்றது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தோட்டத்தில் வேலை, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்தன. தோட்டம் விற்கப்பட்டதும் அத்தனையும் கேள்விக்குறியாயின. தொழிற்சாலை வீடு தருவதில்லை. சம்பளமும் ஓவர்டைமும் இபிஎஃப்பும் தருகிறது. அதை வைத்துத் தாமானில் வாங்கிய வீட்டிலிருந்து எந்தத் துரையும் எழுப்ப முடியாது. இதை நான் சின்ன மாற்றமாக நினைக்கவில்லை.

என் கவலை வேறு. எஸ்பிஎம் முடித்ததும் ஆப்பரேட்டராக நுழையும் நம் பிள்ளைகள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தெக்னீஷியனாக உயர வேண்டுமானால் கையில் எஸ்கேஎம் திறன் சான்றிதழ் வேண்டும். பெகோவில் 2012இலேயே ஜாஸ் ஹைப்ரிட் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். பேட்டரியும் மோட்டாரும் தெரிந்த கைக்குத்தான் இனி மதிப்பு. அதைக் கற்றுக்கொள்ளத் தொலைதூரம் போக வேண்டாம். அலோர் காஜா மாவட்டத்திலேயே, தபோ நானிங்கில் அட்தெக் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பிள்ளை ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே பெற்றோர் அங்கே ஒருமுறை போய், என்னென்ன படிப்பு இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரவேண்டும்.