சாயாத வண்டியும் சறுக்கிய வண்டியும்

பஸ் வளைவில் திரும்பும்போது, நிற்பவர் பக்கத்திலிருப்பவர் மேல் சாய்ந்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பது நாம் நாள்தோறும் காணும் காட்சி. சாய்வது மனிதர் மட்டுமன்று, வண்டியும் சாய்கிறது. அச்சாய்வைக் குறைப்பதற்காகக் கார்களின் அடியில் ஓர் உருக்குக் கம்பியைப் பொருத்துகிறார்கள். பட்டறைகளில் அதனை 'ஸ்டெபிலைசர் பார்' என்பார்கள். சாய்வு தடுக்கும் கம்பி என்று நாம் சொல்லலாம். பெருவிரல் பருமனுள்ள ஒரு கம்பியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நினைக்கலாம். சென்ற மழைக்காலம் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் இருக்கிறது. வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி விரைந்து செல்ல வழியில்லை. ஆகவே எங்கள் பழைய சிறிய காரின் குறை அங்கே தெரிவதில்லை. புறவழிச் சாலைக்குச் சென்றாலோ, வளைவுதோறும் தொட்டில்போல் ஆடும். அந்தக் காரில் முன்பக்கம் மட்டுமே கம்பி உண்டு. "தம்பி, பின்னாலும் தடித்த கம்பி ஒன்று போட்டுவிட்டால் பந்தயக் கார்போல் ஓடும்" என்றார் அண்ணன். யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருந்தார். நானும் தலையாட்டினேன். ஒரு கடையில் வாங்கி, ஒரு பட்டறையில் பொருத்தினோம். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. எங்கள் பெருமைக்கு அளவே இல்லை.

அடுத்த ஞாயிறு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் புறப்பட்டோம். கல்லாறு கடந்தபின் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி நூல்பிடித்தாற்போல் சென்றது. இறங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவின் நடுவில் வேகம் மிகுந்துவிட்டதென்று அஞ்சிய அண்ணன் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்கைத் தொட்டார். அவ்வளவுதான்! காரின் பின்பக்கம் வெளியே சறுக்கி, வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது. பின்சக்கரம் ஓடையின் விளிம்பில் இருந்தது. நல்லவேளை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. முன் இருக்கையைப் பிடித்த கையை மட்டும் வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை.

சாய்வு குறைந்த வண்டி ஏன் சறுக்கியது? இக்கேள்வி என்னை உறங்க விடவில்லை. பாடப் புத்தகத்தில் படித்த பௌதிகத்தைக் கொண்டே விடை தேடலானேன்.

இக்கம்பி ப வடிவமானது. அதன் நடுப்பகுதியை ரப்பர் புஷ்கள் வண்டியின் உடலோடு பிடித்திருக்கின்றன. இரு முனைகளும் இடச் சக்கரத்தின் கையோடும் வலச் சக்கரத்தின் கையோடும் இணைந்துள்ளன. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஒரு வேகத்தடையின் மேல் ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். அதற்கு வேலை இல்லை. வளைவில் வெளிச்சக்கரம் மேலே அமுங்கி, உட்சக்கரம் கீழே தொங்கும்போதுதான் கம்பி முறுக்கப்படுகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்பட்ட உருக்கு, தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அம்முயற்சியே சாய்வைத் தடுக்கிறது.

இதில் விட்டம் செய்யும் மாயம் பெரிது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர்க் கம்பியை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர்க் கம்பியைப் போட்டால், பருமன் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. விறைப்போ 46 சதவீதம் கூடிவிடுகிறது! கண்ணுக்குச் சிறிய மாற்றம். சாலையில் பெரிய மாற்றம்.

இனி நாங்கள் அறியாதிருந்த உண்மைக்கு வருவோம். வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் மொத்தப் பாரத்தைக் கம்பி ஏறத்தாழ மாற்றுவதே இல்லை. வண்டியின் வேகம், வளைவின் கூர்மை, எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம் ஆகியவையே அதனைத் தீர்மானிக்கின்றன. அப்பாரத்தில் முன்சக்கரங்கள் எவ்வளவு ஏற்பது, பின்சக்கரங்கள் எவ்வளவு ஏற்பது என்று பங்கிடுவதே கம்பியின் செயல். எந்தப் பக்கம் விறைப்பு மிகுதியோ, அந்தப் பக்கம் பங்கும் மிகுதி.

பங்கு மிகுந்தால் என்ன கெடுதல்? சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 கிலோ கொடுத்தால் இருவரும் நன்றாக நடப்பார்கள். ஒருவருக்கு 85, மற்றவருக்கு 15 என்று கொடுத்தால்? முன்னவர் தள்ளாடுவார், பின்னவர் மிச்சப்படுத்தும் வலிமையோ வீணாகும். டயர்களும் அப்படியே. பாரம் இருமடங்கானால் டயரின் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே பாரம் சமனற்றுப் போன சக்கர இணையின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. முன்கம்பி தடித்தால் முன்சக்கரங்கள் முதலில் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்கம்பி தடித்தால் வண்டி ஆவலோடு திரும்பும். எல்லை கடந்தால் வால் வீசும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்கைத் தொட்டால் பாரம் முன்னே பாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகும். மழையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

இக்கம்பியின் வரலாறும் இதையே சொல்கிறது. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1950-களுக்குப் பின்னரே இது கார்களில் பெருவழக்காயிற்று. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரோலே கார்வேர், எஞ்சின் பின்னால் உள்ள கார். வளைவில் அதன் பின்பக்கம் வழுக்குகிறது என்ற குறைகூறல் எழுந்தது. 1964 மாடலில் பின் ஸ்பிரிங் அமைப்பைத் திருத்தியதோடு, முன்பக்கத்தில் ஒரு கம்பியும் சேர்த்தார்கள். பின்னால் உள்ள நோய்க்கு முன்னால் மருந்து! 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் அக்காரை உலகறியச் செய்தது. 1972-இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வோ, அது அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமானதன்று என்று முடிவு கூறியது. தீர்ப்பு எதுவாயினும், ஒரு கம்பி இருப்பதும் இல்லாததும் உயிர்ப் பிரச்சினையாகப் பேசப்பட்டது கவனிக்கத்தக்கது.

மறுநாள் நாங்கள் சென்றது வேறொரு பட்டறைக்கு. அதன் முதிய மெக்கானிக் நாகர்கோவில் பக்கத்தவர். எல்லோரும் அவரை ஆசான் என்றே அழைப்பார்கள். வண்டியின் அடியில் படுத்து எழுந்தவர், கறுத்துப் பிய்ந்துபோன ரப்பர்த் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். "தம்பி, முன்கம்பியோட புஷ் இது. இது போனதினாலதான் வண்டி ஆடிச்சு. நீங்க இத மாத்தாம பின்னால கொண்டுபோய் இரும்பப் போட்டிருக்கீங்க" என்றார்.

அப்போதுதான் கணக்கு முழுவதும் விளங்கியது. புஷ் தேய்ந்து முன்கம்பி சோம்பிக் கிடந்தது. பின்கம்பியோ புதிதாக விறைத்து நின்றது. பாரத்தின் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள்மேல் சுமத்தி, வண்டியை மழைமலைக்கு ஓட்டிச் சென்றவர்கள் நாங்களே! ஆசான் பின்கம்பியைக் கழற்றினார். முன் புஷ்களையும் லிங்க்குகளையும் ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களையும் புதிதாக மாற்றினார். வண்டி இப்போது அளவோடு சாய்கிறது; சொன்ன பேச்சைக் கேட்கிறது.

தடித்த கம்பி எப்போதும் தீங்கு என்று நான் கூறவில்லை. முன்னும் பின்னும் ஒத்த கணக்கோடு அமைத்தால், டயர் தரையில் செவ்வனே படியும், திருப்பம் கூர்மையாகும். ஆனால் குழியில் ஒரு சக்கரம் விழும்போது அதன் அதிர்ச்சி மறுபக்கத்திற்கும் கடத்தப்படும் என்பதையும் மறக்கலாகாது. சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு வரம்பு விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இவ்வரம்பை வலியுறுத்தியது. ஆதலின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிந்த பின்னரே ஸ்பானரைத் தொடுதல் நலம்.

நண்பர்களே, சாய்வு என்பது வண்டி நமக்குத் தரும் எச்சரிக்கை. அதன் காரணத்தை ஆராயாமல் வாயை மட்டும் அடைத்தோம்; வண்டி பொன்முடியில் வேறு மொழியில் பேசிற்று. அந்த ரப்பர்த் துண்டு இன்றும் என் மேசைமீது இருக்கிறது.