விரல் நுனி வண்ணமும் மாலை நேர மகிழ்ச்சியும்

வெளியூர்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஆடவரின் மாலைப் பொழுதுக்கு நெடுங்காலமாகவே ஓர் இடம் இருந்து வந்திருக்கிறது. அலுவலகம் முடிந்ததும் ஒரு காப்பி, நண்பரோடு சிறிது அரட்டை, சபாவில் கச்சேரி, சங்கத்தில் கூட்டம் என்று அது இனிதே கழியும். பெண்டிரின் மாலையோ பெரும்பாலும் அடுப்படியிலேயே கழிந்தது. இப்போது அந்நிலை மாறி வருகிறது. சனிக்கிழமை பிற்பகலில் சாளரத்தருகே அமர்ந்து நகங்களுக்கு மெல்லிய வண்ணம் தீட்டிக்கொள்வதும், மாலையில் தோழியரோடு புதியதொரு சிற்றுண்டிச் சாலையைத் தேடிச் செல்வதும் நம் வீட்டு மகளிர் பலருக்கு வழக்கமாகிவிட்டன. இதைக் கண்டு பெரியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். வேறு சிலர் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டா, செய்தியைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம்.

மருதாணியின் வழி

நகத்துக்கு நிறமூட்டுவது மேனாட்டார் நமக்குக் கற்பித்த பழக்கம் என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. மருதாணி இலையைக் கொட்டைப்பாக்கும் புளியும் கூட்டி அம்மியில் அரைத்து, இரவில் விரல் நுனிகளுக்குத் தொப்பிபோல் அப்பிக்கொண்டு உறங்கி, விடிந்ததும் யாருடைய கை அதிகம் சிவந்தது என்று ஒப்பிட்டு மகிழ்ந்தவர்கள்தாமே நம் பாட்டிமார்!

அந்தச் சிவப்புக்குக் காரணம் இலையிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள். நகமும் தோலின் மேற்பகுதியும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. லாசோன் அதனோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. தோலின் மேலடுக்கு உதிர்ந்து புதிதாவதால் உள்ளங்கைச் சிவப்பு இரண்டொரு வாரங்களில் மங்கிவிடும். நகச் சிவப்போ நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்கும். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக 6 மாதங்கள் வரை ஆகும். தீபாவளிக்கு இட்ட மருதாணி பொங்கலின்போது நக நுனியில் பிறைபோல் எஞ்சி நிற்பது இதனால்தான்.

நான்காவது மாடிக் குடியிருப்பில் கொல்லையும் இல்லை, மருதாணிச் செடியும் இல்லை. ஆகவே பொடியை நாடுகிறோம். ராஜஸ்தானத்துச் சோஜத் வட்டாரத்து மருதாணி பெயர் பெற்றது. 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படுவதை அணுகாதிருப்பதே நலம். இயற்கை மருதாணி ஒருபோதும் கன்னங்கரேலென்று பற்றாது. அக்கருமைக்காகச் சேர்க்கப்படும் தலைமயிர்ச் சாயப் பொருள் சிலருக்குக் கொப்புளமும் ஆறாத தழும்பும் உண்டாக்கவல்லது.

புட்டியில் வந்த நிறம்

நெயில் பாலிஷ் என்று நாம் வழங்கும் பூச்சின் வரலாறு நூறாண்டுக்குச் சற்று மேற்பட்டது. அமெரிக்கக் கூட்டெக்ஸ் நிறுவனம் திரவப் பூச்சை 1917-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1932-இல் நியூயார்க்கில் தோன்றிய ரெவ்லான், அடர்ந்த நிறங்களை அறிமுகம் செய்து பெயர் பெற்றது. நம் நாட்டில் 1952-இல் டாட்டா குழுமம் லாக்மே நிறுவனத்தைத் தொடங்கியது. ஒப்பனைப் பொருள்களுக்காக அந்நியச் செலாவணி வெளியே செல்வதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. லாக்மே என்பது லட்சுமி என்னும் பெயரின் பிரெஞ்சு வடிவம். 1883-இல் பாரிஸில் அரங்கேறிய இசை நாடகம் ஒன்றின் பெயரும் அதுவே. திருமகளே பிரெஞ்சு நாட்டைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தாள் என்று கொள்ளலாம்.

இப்பூச்சில் இருப்பது பருத்தி போன்ற நார்ப்பொருளிலிருந்து செய்யப்படும் நைட்ரோசெல்லுலோஸ். விரைவில் ஆவியாகும் கரைப்பான்களில் அது கரைக்கப்பட்டிருக்கிறது. கரைப்பான் ஆவியானதும் நிறம் மெல்லிய ஏடாகப் படிந்துவிடுகிறது. இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. பூச்சை நீக்கும் அசிட்டோனும் அவ்வாறே. ஓர் அறையே சமையலறையும் கூடமுமாக உள்ள வீடுகளில் இதை மறத்தலாகாது. அடுப்பு எரியும்போது புட்டியைத் திறத்தல் கூடாது. சாளரம் திறந்திருக்க வேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் புட்டி இருக்க வேண்டும்.

எளிய முறை

ஒப்பனை நிலையத்திற்குச் சென்று பொருள் செலவிட வேண்டுவதில்லை. நகங்களை வெட்டி, அரத்தால் ஒரே திசையில் தேய்த்து, கைகளைக் கழுவி நன்கு உலர்த்துக. நகத்தின் அடியில் ஒட்டியுள்ள மெல்லிய தோலை வெட்டற்க. கிருமி உட்புகாமல் காப்பது அதுவே. முதலில் நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று. அது மஞ்சள் கறை படியாமல் காக்கும். அதன்மேல் சந்தன நிறமோ இளஞ்சிவப்போ இரண்டு முறை மெல்லியதாகப் பூசுக. ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்தது. தடித்த பூச்சு ஒன்றைவிட மெல்லிய பூச்சு இரண்டு நெடுநாள் நிற்கும்.

கோலமிடத் தெரிந்த கைக்கு இதற்குமேல் ஆசிரியர் வேண்டுவதில்லை. பல்குத்தும் குச்சியின் நுனியை வெள்ளை நிறத்தில் தோய்த்து, மோதிர விரல் நகத்தில் மட்டும் மூன்று புள்ளிகள் இடலாம். நக நுனியில் நூலளவு வெள்ளைக் கோடு இழுக்கலாம். பிறகு நிறமற்ற மேற்பூச்சு. பத்து நகங்களிலும் பத்து வித வேலைப்பாடு செய்தால் பார்ப்பவர் கண் விரலிலேயே நின்றுவிடும். ஒரு நகத்தில் செய்தால் கை முழுவதும் அழகு பெறும். கணினி தட்டும் அலுவலகத்துக்கும், மாவு பிசையும் வீட்டுக்கும் குறுகிய நகமும் மெல்லிய நிறமுமே ஏற்றவை. வாரக் கடைசியில் பூச்சை நீக்கிய பின் சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் அசிட்டோனால் ஏற்பட்ட வறட்சி தணியும். அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனை செல்வோர் பூச்சை முன்கூட்டியே நீக்கிவிடுதல் நன்று. விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கருவிக்கு அடர்ந்த நிறம் இடையூறாகலாம்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட இயலவில்லை. கணவனை இழந்த பெண்டிருக்கு மருதாணியை மறுத்தது நம் சமூகம். பூவையும் பொட்டையும் பறித்த கை, விரல் நுனிச் சிவப்பையும் விட்டுவைக்கவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை, அறத்திலும் இல்லை. ஆயினும் இன்றும் சில வீடுகளில் பேத்தியின் விரல்களுக்கு நிறம் தீட்டிவிடும் பாட்டி, தன் விரலை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். பேத்தியர் அக்கையைப் பற்றி இழுத்து ஒரு விரலுக்கேனும் வண்ணமிடுவார்களாக. எந்தச் சங்கத்துத் தீர்மானத்தையும்விட அது பெரிது.

'மகிழ்ச்சி நேரம்' என்பது யாது?

இனி மாலைப் பொழுதுக்கு வருவோம். நகரத்து உணவு விடுதிகளிலும் மதுக்கூடங்களிலும் 'ஹாப்பி ஹவர்' என்னும் பலகை தொங்கக் காண்கிறோம். 1913-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் மாலுமிகளுக்காக நடந்த பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு இப்பெயர் வழங்கியது. பின்னரே மது விற்பனைக்கு உரியதாயிற்று. அங்கேயே மாசசூசெட்ஸ் மாநிலம் 1984-இல் இத்தகைய மலிவு விற்பனையைத் தடை செய்தது. 2003-இல் அயர்லாந்தும் அவ்வாறே செய்தது. குடிப்பெருக்கமும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் அத்தடைகளுக்குக் காரணங்கள்.

இதிலுள்ள வாணிகக் கணக்கு எளியது. பிற்பகலுக்கும் இரவு உணவுக்கும் இடையே மேசைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வாடகையும் கூலியும் மட்டும் நிற்பதில்லை. ஆகவே 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று அழைக்கின்றனர். ஒன்றோடு எழுந்திருக்க வேண்டியவர் இரண்டு அருந்துகிறார். இரண்டுக்கும் துணையாக வறுவல் கேட்கிறார். இறுதியில் வரும் பட்டியலில் மலிவைக் காணோம்! பட்டியலில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லும் உரிமை நமக்குண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வகுத்த அந்நெறியை டில்லி உயர்நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது.

மும்பையில் வாழ்வோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் மகாராஷ்டிரத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. மது அருந்தும் கூடத்திற்குப் 'பர்மிட் ரூம்' என்னும் பெயர் அதன் எச்சமே. பீர், ஒயின் ஆகியவற்றுக்கு 21 வயதும், கடின மதுவுக்கு 25 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும். குடித்து வண்டி ஓட்டினால் முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ நேரலாம். மது வேண்டுமா வேண்டாவா என்பதை வயது வந்தோர் தாமே முடிவு செய்வர். நம் கருத்து வேண்டா என்பதே. ஆனால் மகிழ்ச்சிக்கும் மதுவுக்கும் முடிச்சுப் போட்டவர் விளம்பரக்காரர். அம்முடிச்சை அவிழ்த்துவிட்டு, மாலையை மட்டும் நாம் வைத்துக்கொள்ளலாம்.

புது இடம் தேடுவோம்

மாதுங்காவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ராம் ஆஷ்ரயா 1939-இல் தோன்றியது. கபே மெட்ராஸ் 1940-இல். ராம நாயக்கரின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-இல். பெயர் மெட்ராஸ், நடத்துவோரின் பூர்வீகமோ உடுப்பிச் சீமை! நம்மவர் நாவின் நினைவை இந்நகரில் காத்துத் தந்தவர்கள் கன்னடத்து அன்பர்கள் என்பதை நன்றியோடு எண்ண வேண்டும். ராம் ஆஷ்ரயாவின் அன்னாசிக் கேசரியும் கபே மெட்ராஸின் ரச வடையும் மாலைக்கு இனியவை. அவை பழகிவிட்டனவா? மெட்ரோ திரையரங்கின் அருகே 1904-இல் தொடங்கிய கியானி என்னும் இரானி விடுதியில் பன் மஸ்காவும் தேநீரும் உண்டு பாருங்கள். கல்கத்தா அன்பர்களுக்குக் கல்லூரித் தெருவின் காப்பி இல்லம் இருக்கிறது. பெங்களூரிலும் டில்லியிலும் வேலை இழந்த தொழிலாளர்கள் 1957-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஏற்று நடத்திய இந்தியக் காப்பி இல்லங்களின் கதையே ஒரு குவளைக் காப்பியின் சுவையைக் கூட்டும்.

மாதம் ஒருமுறை ஒரு புது இடம் என்று வைத்துக்கொள்ளலாம். இடத்தை வீட்டுப் பெண்களே முறைவைத்துத் தேர்ந்தெடுக்கட்டும். செலவுக்கு ஒரு தொகையை மாதத் தொடக்கத்திலேயே எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். அன்று மாலை அடுப்பு மூட்டுவதில்லை என்பது கண்டிப்பான விதி. வெளியே சென்று திரும்பியவள் இரவில் மாவு கரைக்க நேர்ந்தால் அது ஓய்வாகாது. பிறர் சமைத்துப் பரிமாற, தான் அமர்ந்து சூடாக உண்ணும் இன்பத்தை ஆண்டுக்கு ஒருமுறையும் அறியாத இல்லத்தரசியர் நம்மிடையே பலர் உள்ளனர்.

வேலைக்குச் செல்லும் மகளின் மாலையைப் பற்றித்தான் பெற்றோருக்கு அச்சம் மிகுதி. அவ்வச்சம் அன்பிலிருந்து பிறந்தது. அதனை இகழ்தல் ஆகாது. ஆனால் கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்த பெண், 'அலுவலகத்தில் வேலை மிகுதி' என்று சொல்லிவிட்டுச் செல்வாள். அப்போது அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏதேனும் இடர் நேர்ந்தால் முதலில் வீட்டை அழைக்க வேண்டியவள், வீட்டுக்கே அஞ்சி வாளாவிருப்பாள். தடையால் நாம் பெறுவது இதுதான். உண்மையைச் சொல்லிச் செல்லும் உரிமையை அவளுக்குக் கொடுத்துவிட்டால் திரும்பும் நேரத்தைக் கேட்கும் உரிமை நமக்கும் கிடைக்கிறது.

மேலும், இந்நகரம் பெண்களுக்குப் புதியதன்று. சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்கு மகளிர் தனி ரயில் 1992-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. 2017-இல் மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையம் முழுவதும் பெண் ஊழியரின் பொறுப்பில் விடப்பட்டது. ரயில்வே எழுத்தர் என்ற முறையில் அன்றாடம் நாம் காண்பது இது: ஆயிரக்கணக்கானோரின் பயணத்தை நடத்தும் அந்தக் கைகளில் பலவற்றின் நகங்களுக்கு மெல்லிய வண்ணம் உண்டு, அவ்வண்ணத்தால் எந்த வண்டியும் தாமதமானதில்லை.

ஆகவே, வீட்டுப் பெரியோர்களே! இச்சனிக்கிழமை உங்கள் மகளோ மருமகளோ புட்டியைத் திறந்து சாளரத்தருகே அமர்ந்தால், 'எதற்கு இதெல்லாம்?' என்று கேட்காதீர்கள். 'எந்த நிறம்?' என்று கேளுங்கள். மாலையில் எந்த இடம் என்பதை அவர்களே சொல்வார்கள். அழைத்தால் உடன் செல்லுங்கள்.