உங்களுக்குத் தெரியுமா? துப்பறிவாளர்களின் வயது ரகசியம்!

துப்பறியும் நாவல் என்றால் சோறு தண்ணீர் மறப்பவரா நீங்கள்? கொலைகாரன் யார் என்பதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், சரி. உங்கள் அபிமான துப்பறிவாளருக்கு இப்போது என்ன வயது? சொல்லுங்கள் பார்ப்போம்!

தேடித் தேடிப் பொறுக்கி வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் முத்து! ஒரே ஒரு எச்சரிக்கை: சில பேருடைய முடிவும் இங்கே போட்டு உடைக்கப்படுகிறது. இன்னும் படிக்காதவர்கள் அந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்!

கின்ஸி மில்ஹோன் தெரியுமா? அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டன் படைத்த பெண் துப்பறிவாளர். ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசையில் ஒவ்வொரு நாவலுக்கும் தலைப்பு. முதல் நாவல் 1982-ல் வந்தபோது கின்ஸிக்கு வயது 32. 2017-ல் 'ஒய்' வந்தபோது 39! வாசகருக்கு ஓடிப்போனது 35 வருஷம். கின்ஸிக்கு ஓடியதோ வெறும் 7!

அதனால் நடந்த வேடிக்கையைப் பாருங்கள். 2017-ல் வந்த நாவலிலும் கதை நடப்பது 1989-ல்தான்! செல்போன் கிடையாது. இன்டர்நெட் கிடையாது. சமகாலக் கதையாகத் தொடங்கிய தொடர், கதாநாயகி அதிகம் நகராமலே சரித்திரக் கதையாகிவிட்டது!

இன்னும் ஒரே ஓர் எழுத்துதான் பாக்கி. 'இஸட்' நாவலுக்குத் தலைப்பைக்கூட யோசித்து வைத்திருந்தார் கிராஃப்டன். 2017 டிசம்பரில் காலமாகிவிட்டார். வேறு யாரையும் எழுத விட மாட்டோம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் இனி எழுத்துகள் 25 மட்டுமே!

இதற்கு நேர் எதிர் ஸ்காட்லாந்து இன்ஸ்பெக்டர் ஜான் ரீபஸ். இயன் ரான்கின் 1987-ல் அறிமுகப்படுத்தியபோது அவருக்கு வயது 40. வாசகரோடு சேர்ந்தே அவருக்கும் நரைத்தது. 2007-ல் 60 வயது. போலீஸ் விதிப்படி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? போலீஸ்காரர்களின் ஓய்வு வயதை உயர்த்த முடியுமா என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் பெண் உறுப்பினர் ஒருவர் கேட்டேவிட்டார். எதற்கு? கற்பனை இன்ஸ்பெக்டர் ஒருவர் வேலையில் நீடிப்பதற்காக! 2012-ல் ரீபஸ் திரும்பி வந்தார். பிறகு மூச்சுக்குழாய் நோய் வந்தது. சிகரெட் போனது. மாடி ஏற முடியாமல் தரைத்தள வீட்டுக்குக் குடிபோனார். 2024-ல் வந்த நாவலில் எங்கே இருக்கிறார் தெரியுமா? சிறைக்குள், கைதியாக!

இனி ராணியிடம் வருவோம். அகதா கிறிஸ்டி!

அவருடைய ஹெர்க்யூல் பாய்ரோ 1920-ல் முதல் நாவலில் நுழையும்போதே பெல்ஜியம் போலீசிலிருந்து ஓய்வு பெற்றவர்! ஓய்வுபெற்ற அந்த மனிதர் அதற்குப் பிறகு 55 வருஷம் துப்பறிந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள், கடைசி வழக்கில் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். மீசை மட்டும் கடைசி வரை கறுப்பு!

பாய்ரோ இறந்த செய்தி 1975 ஆகஸ்ட் 6-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்தது. உள்ளே மூலையில் அல்ல, முதல் பக்கத்தில்! அவர் சாகும் 'கர்ட்டன்' நாவல் அப்போது கடைக்கே வரவில்லை!

அதைவிட அதிசயம் கேளுங்கள். அந்த நாவலைக் கிறிஸ்டி எழுதி முடித்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்! எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பாய்ரோ கதைகளை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். தன் கதாநாயகன் எப்படிச் சாகப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். வாசகர்களுக்குத் தெரியாது!

அதே கிறிஸ்டி, டாமி-டப்பன்ஸ் ஜோடியை மட்டும் நிஜ மனிதர்கள் போல வளரவிட்டார். 1922-ல் இருபதுகளில் இருக்கும் துறுதுறு இளசுகள். 1941-ல் வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற நடுவயதுத் தம்பதி. 1973-ல் எழுபதைத் தாண்டிய தாத்தா-பாட்டி! மொத்தம் ஐந்தே புத்தகம், அதற்குள் ஒரு முழு தாம்பத்தியம். பாய்ரோவைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்கள் இவர்களைக் கண்டுகொள்ளாதது அநியாயம்!

கதாபாத்திரம் மட்டுமா மாறுகிறது? எழுத்தாளரும்தான்! கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தார் கிறிஸ்டியின் நாவல்களைக் கம்ப்யூட்டரில் போட்டு எண்ணினார்கள். எண்பதைத் தாண்டி எழுதிய நாவல்களில் சொல்வளம் சட்டென்று சுருங்கியிருந்தது. பெயர் சொல்லாமல் 'அது', 'ஏதோ' என்று பூசி மெழுகுவது கூடியிருந்தது. நினைவாற்றல் தேய்ந்ததன் அடையாளமோ என்று சந்தேகித்தார்கள். அதில் அவர்கள் குறிப்பாக எடுத்துக்காட்டிய 1972 நாவலின் தலைப்பு என்ன தெரியுமா? 'யானைகளுக்கு ஞாபகம் இருக்கும்' என்ற பொருள் தரும் தலைப்பு!

அடுத்து நம்ம ஹோம்ஸ். முதல் நாவலின் முழு உரிமையையும் கோனன் டாயில் என்ன விலைக்கு விற்றார் தெரியுமா? வெறும் 25 பவுண்டு!

அந்த 1887 நாவலில் ஹோம்ஸுக்குப் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதுகூடத் தெரியாது! இலக்கிய அறிவு பூஜ்யம் என்று நண்பர் வாட்சன் பட்டியலே போடுகிறார். நாலு கதை போகட்டும், அதே மனிதர் பாரசீகக் கவிஞர் ஹஃபீஸைப் பற்றிப் பேசுகிறார்!

வாட்சனுக்குப் போரில் குண்டடி பட்டது எங்கே? முதல் நாவலில் தோளில். இரண்டாவது நாவலில் காலில்! மூன்றே வருஷத்தில் காயம் இடம் மாறிவிட்டது!

பெயரும் மாறியது. ஜான் வாட்சனை 1891-ல் வந்த ஒரு கதையில் அவர் மனைவியே 'ஜேம்ஸ்' என்று கூப்பிடுகிறார்! ஆசிரியர் சறுக்கியதற்கு வாசகர்கள் வக்காலத்து வாங்கினார்கள். ஜான் எச். வாட்சன் என்பதில் 'எச்' என்றால் ஹேமிஷ், அது ஜேம்ஸுக்கு ஸ்காட்லாந்து வழக்கு, ஆகவே மனைவி சொன்னது சரிதான் என்று வாதாடியவர் யார் தெரியுமா? இன்னொரு துப்பறியும் நாவலாசிரியர், டோரதி சேயர்ஸ்!

1893 டிசம்பரில் ஹோம்ஸை சுவிட்சர்லாந்து அருவியில் தள்ளினார் டாயில். ஹோம்ஸ் கதைகளை வெளியிட்ட ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்கு விழுந்தது அடி! சந்தாவை நிறுத்தியவர்கள் 20,000 பேர் என்பது இன்றுவரை சொல்லப்படும் கணக்கு. பத்து வருஷம் கழித்து, 1903-ல், சாகவே இல்லை என்று ஹோம்ஸ் திரும்பி வந்தார்!

ஆனால் பழைய வாசகனை ஏமாற்ற முடியுமா? ஹோம்ஸ் விழுந்தபோது செத்திருக்க மாட்டார், ஆனால் அதற்குப் பிறகு பழைய ஆளாகவும் இல்லை என்று படகோட்டி ஒருவர் டாயிலிடம் முகத்துக்கு நேரே சொன்னாராம். டாயிலே எழுதி வைத்திருக்கிறார். ஒரு வரி விமர்சனம் என்றால் இதுதான்!

காதலிக்கு எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? டோரதி சேயர்ஸின் பீட்டர் விம்ஸி, 1930-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கும் ஹாரியட் வேனைப் பார்த்த முதல் சந்திப்பிலேயே கல்யாணம் பேசுகிறார். அவள் சம்மதம் சொன்னது 1935-ல் வந்த நாவலில்! வாசகர்களும் அந்த ஐந்து வருஷம் காத்திருந்தார்கள்.

பிரெஞ்சு இன்ஸ்பெக்டர் மேக்ரே: 75 நாவல், 28 சிறுகதை! 1931-ல் மட்டும் பத்துக்குக் குறையாமல் வெளியிட்டார் ஜார்ஜ் சிமெனான். 1934-ல் மேக்ரேயை ஓய்வுபெற வைத்து மூட்டை கட்டினார். முடிந்ததா? முடியவில்லை! திரும்ப அழைத்து 1972 வரை வேலை வாங்கினார்!

1951-ல் வந்த நாவலில் மேக்ரேயே பேனாவை எடுக்கிறார். சிமெனான் என்கிற ஆள் என்னைப் பற்றித் தாறுமாறாக எழுதுகிறார், வருஷத்தையெல்லாம் குழப்புகிறார் என்று புகார் வாசிக்கிறார். எழுதியவர்? சிமெனானேதான்!

இத்தாலியின் மொண்டல்பானோவும் சளைத்தவரல்ல. கடைசி நாவலை ஆன்ட்ரியா கமில்லேரி 2005-லேயே எழுதிப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டார். வெளிவந்தது அவர் இறந்த மறு வருஷம், 2020-ல். அதில் எழுத்தாளரே போன் போட்டுத் தன் கதாநாயகனோடு சண்டை பிடிக்கிறார்!

டிவி நடிகர் நாவலை மாற்ற முடியுமா? முடியும்! காலின் டெக்ஸ்டரின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ், நாவலில் ஓட்டியது லான்சியா கார். டிவியில் ஜாகுவார் கொடுத்தார்கள். பிறகு வந்த நாவல்களிலும் ஜாகுவார்! உதவியாளர் லூயிஸ் முதலில் மோர்ஸைவிட வயதில் பெரியவர். டிவியில் இளைஞர் நடித்தார். புத்தகத்திலும் லூயிஸுக்கு வயது குறைந்துவிட்டது!

மோர்ஸின் முதற்பெயரைத் தெரிந்துகொள்ள வாசகர்கள் எத்தனை வருஷம் காத்திருந்தார்கள்? 1975-லிருந்து 1996 வரை, 21 வருஷம்! பெயர் 'எண்டெவர்'. கேப்டன் குக்கின் கப்பல் பெயர்! அடுத்த மூன்றாம் வருஷம் ஆளையே முடித்துவிட்டார் டெக்ஸ்டர்.

சுவீடன் எழுத்தாளர் ஜோடி ஷோவால்-வாலோ: பத்து வருஷம், பத்து நாவல், ஒவ்வொன்றிலும் 30 அத்தியாயம். முன்கூட்டியே போட்ட திட்டம்! ஆளுக்கோர் அத்தியாயமாக மாற்றி மாற்றி எழுதினார்கள். 1965-ல் தொடங்கியது 1975-ல் முடிந்தது. அதே 1975-ல் வாலோவும் மறைந்தார். பத்தாவது நாவலின் கடைசிச் சொல்: மார்க்ஸ்!

அதே சுவீடனின் துப்பறிவாளர் குர்ட் வாலண்டரை முதலில் மனைவி விட்டுப் போனார், பிறகு ஆரோக்கியம். சர்க்கரை நோய் வந்தது. 2009-ல் வந்த கடைசி நாவலில் அல்சைமர் நோய் வந்து நினைவே போகிறது. இந்த லட்சணத்தில் மகள் லிண்டாவும் போலீசில் சேர்ந்துவிட்டாள்!

எட் மெக்பெய்ன் தன் 87-வது காவல் சரகக் கதைகளில் துப்பறிவாளர் கரெல்லாவை மூன்றாவது நாவலிலேயே கொல்ல நினைத்தார். பதிப்பாளர் தரப்பு கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றது. ஆள் பிழைத்தார், 2005 வரை ஓடினார்! அவருடைய இரட்டைக் குழந்தைகள் பிறந்தது 1959 நாவலில். நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அவர்களுக்குப் பள்ளிக்கூட வயது!

டச்சு இன்ஸ்பெக்டர் வான் டெர் வால்க்கை 1972-ல் நாவலின் நடுவிலேயே சுட்டுக் கொன்றார் நிக்கலஸ் ஃப்ரீலிங். பிறகு துப்பறிந்தது யார்? அவருடைய விதவை மனைவி ஆர்லெட்!

தந்தை விட்டதை மகள் தொட்டதும் உண்டு. டோனி ஹில்லர்மேன் எழுதிய நவஹோ பழங்குடிப் போலீஸ் கதைகளை அவர் மறைவுக்குப் பின் 2013-லிருந்து எழுதுவது மகள் ஆன். முன்பு ஓரமாக நின்ற பெண் அதிகாரி பெர்னடெட்தான் இப்போது முன்வரிசையில்!

வங்காளத்துப் பியோம்கேஷ் பக்ஷி 1932-ல் பிறந்தவர். படைத்த சரதிந்து பந்தோபாத்யாய் பம்பாய்க்கு சினிமாவுக்கு எழுதப் போனார், பியோம்கேஷ் பத்து வருஷத்துக்கும் மேல் காணாமல் போனார். வாசகர்கள் நச்சரித்து மறுபடி கூட்டி வந்தார்கள்! வழக்கு விசாரிக்கப் போன வீட்டுப் பெண்ணையே கட்டினார், பிள்ளை பெற்றார், சொந்த வீடும் கட்டினார். ஹோம்ஸுக்கு வாய்க்காத பாக்கியம்!

நம்மூருக்கு வருவோமா? சுஜாதாவின் கணேஷ் 1968-ல் 'நைலான் கயிறு' தொடரில் வந்தபோது ஒண்டிக்கட்டை. உதவியாளர் வசந்த் கூடவே இல்லை! அந்த அரட்டையும் அசட்டு ஜோக்கும் இல்லாத கணேஷை இன்று யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? வசந்த் வந்து சேர்ந்தது பிறகு, 'ப்ரியா'வில்!

தேவனின் துப்பறியும் சாம்பு பேங்க் குமாஸ்தாவாகத் தொடங்கியவர். தொடர் போகப் போக வேம்புவைக் கல்யாணம் செய்துகொண்டார், சுந்துவுக்கு அப்பாவும் ஆனார். அசட்டுத்தனம் மட்டும் அப்படியே!

கடைசியாக ஒன்று. ஜப்பானிய காமிக்ஸ் தொடர் 'டிடெக்டிவ் கோனன்' தொடங்கியது 1994-ல். விஷ மருந்தால் சிறுவனாகச் சுருங்கிவிட்ட பள்ளி மாணவன்தான் நாயகன். 2021-ல் நூறாவது தொகுதியும் வந்துவிட்டது. அவனோடு சேர்ந்து படிக்கத் தொடங்கியவர்களின் பிள்ளைகளே காலேஜுக்குப் போகிறார்கள். கோனன் படிப்பது இன்னும் ஒன்றாம் வகுப்பு!