நாட்பட்ட நோயும் மகனீசியக் குளிசையும்

விழாக் காலத்திற் பழைய மாணவர் ஒருங்கு கூடுதல் இயல்பு. முன்னாளில் இவர்கள் கூடிய பொழுது பேசப்பட்டவை பரீட்சையும் கிறிக்கெற்றும். இந்நாளிற் பேசப்படுவன சீனியும் பிரசரும். அப்பேச்சின் நடுவே ஒருவர் சட்டைப்பையிலிருந்து சிறு போத்தல் ஒன்றை எடுத்து, "மகன் கனடாவிலிருந்து அனுப்பியது, மகனீசியம், கால் இழுப்புக்கு நல்லது, நீரும் ஒன்று போட்டுப் பாரும்" என்பர். கேட்டவரும் மறுக்கார். நண்பர் தருவது, அதுவும் சத்துப் பொருள். அதனால் என்ன தீங்கு வரப்போகின்றது என்பதே அவர் எண்ணம். அவ்வெண்ணத்தைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் வைத்தியரல்லோம், தமிழ் கற்பிப்பவரே. எனினும் இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. எம் உறவினராகிய முதியவர் ஒருவர் நெடுங்காலம் நீரிழிவு நோயுடையவர். இராக்காலத்திற் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தலால் துயில் நீங்கி வருந்தினார். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை அன்போடு கொணர்ந்த மகனீசியக் குளிசையை நாளுக்கு இரண்டாக உட்கொண்டார். மலச்சிக்கலுக்கென்று மகனீசியாப் பாலையும் இரவுதோறும் அருந்தி வந்தார். சில கிழமைகளின் பின் உடல் தளர்ந்தது, பேச்சு மந்தமாயிற்று, பகலெல்லாம் உறங்கலானார். முதுமையின் இயல்பென்றே வீட்டார் கருதினர். வைத்தியசாலையிற் சேர்த்த பொழுது, "என்னென்ன மருந்து எடுக்கிறவர்?" என்று வைத்தியர் வினாவினார். நீரிழிவுக்கும் பிரசருக்கும் உரிய மருந்துகளையே சொன்னோம். அந்தப் போத்தலை ஒருவரும் நினைக்கவில்லை. அது சத்துக் குளிசை அன்றோ! குருதியைச் சோதித்த பின்னரே மகனீசியம் மிதமிஞ்சி நின்றமை வெளியாயிற்று. அவருடைய சிறுநீரகங்கள் முன்னரே பெரிதும் பழுதுற்றிருந்தமையையும் அன்றுதான் அறிந்தோம். இயந்திரத்தின் வழியாகக் குருதியைச் சுத்திகரித்து அவரை மீட்டனர். தந்தையின் நோவைத் தீர்க்க விரும்பிய பிள்ளை, தன் கையாலேயே அவரைச் சாவின் வாயில்வரை கொண்டு சென்றதை எண்ணி இன்றும் வருந்துகின்றான். அவன்மேற் பிழையில்லை, அறியாமையே பிழை.

இனி, மகனீசியம் யாது என்பதை நோக்குவோம். இங்கிலாந்து தேசத்து எப்சம் என்னும் ஊரில் 1618இல் ஒரு கிணற்று நீரை மாடுகள் கைப்பினாற் குடிக்க மறுத்தன என்றும், அந்நீர் புண்களை ஆற்றியது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அந்நீரிலிருந்து பெறப்படும் உப்பைப் பற்றி நெகேமியா குரூ என்பவர் 1695இல் ஒரு நூல் எழுதினார். நம் வீடுகளிற் பேதியுப்பு என்று வழங்குவது அதுவே. அவ்வுப்பில் அடங்கியுள்ள உலோகத்தை அம்பிரி தேவி என்னும் இரசாயன அறிஞர் 1808இல் மின்னின் உதவியாற் பிரித்தெடுத்தார். கிரேக்க நாட்டிலுள்ள மகனீசியா என்னும் பகுதியின் பெயரே இவ்வுலோகத்திற்கும் பெயராயிற்று.

வளர்ந்த மனிதனொருவனுடைய உடலில் ஏறக்குறைய 25 கிராம் மகனீசியம் உண்டு. அதிற் பாதிக்கு மேற்பட்டது எலும்பிலும், எஞ்சியதிற் பெரும்பகுதி தசையிலும் பிற உறுப்புக்களிலும் உள்ளன. குருதி நீரில் ஓடுவது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. எனவே குருதிச் சோதனையில் அளவு சரியாகத் தோன்றினும் உடலினுள்ளே குறைவு மறைந்திருத்தல் கூடும். முந்நூற்றுக்கு மேற்பட்ட நொதியங்கள் தத்தம் தொழிலை இயற்றுதற்கு மகனீசியத்தின் துணையை வேண்டுகின்றன. தசை சுருங்கி விரிதல், நரம்பு செய்தி கடத்தல், இருதயம் ஒழுங்காகத் துடித்தல், உண்ட உணவு சத்தியாக மாறுதல் ஆகிய எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு. இது மிகக் குறையின் தசை நடுங்கும்; வலிப்பு வரும்; இருதயத் துடிப்புப் பிறழும். குருதியிற் கல்சியமும் பொற்றாசியமும் உடன் குறையும். மகனீசியத்தை நிரப்பாமல் அவற்றை நிலைநிறுத்தல் அரிது. ஆகவே இது வேண்டாப் பொருள் என்று எவரும் கூறார்.

நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும்? அமெரிக்க நாட்டார் வகுத்த அளவின்படி முப்பது வயதைக் கடந்த ஆடவர்க்கு 420 மில்லிகிராம். பெண்டிர்க்கு 320 மில்லிகிராம். இலையின் பச்சை நிறத்திற்குக் காரணமாகிய பச்சையத்தின் நடுவே வீற்றிருப்பது மகனீசியமே. ஆதலாற் கீரை வகைகள் இதனைத் தருவன. பயறு, உழுந்து, எள்ளு, குரக்கன், கச்சான், கஜு முதலியனவும் நிறையத் தருவன. ஒரு கைப்பிடி கச்சானில், அஃதாவது 28 கிராமில், ஏறக்குறைய 50 மில்லிகிராமும், அதே நிறையுள்ள கஜுவில் 74 மில்லிகிராமும் உண்டு. தவிடு நீங்காத அரிசிச் சோறு அரைக் கிண்ணத்தில் 42 மில்லிகிராம் இருக்க, தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றில் 10 மில்லிகிராமே உளது. நம் பாட்டிமார் ஆக்கிய குரக்கன் பிட்டையும் எள்ளுருண்டையையும் கைவிட்டு, அவற்றிலுள்ள பொருளையே போத்தலில் விலைக்கு வாங்குகின்றோம். உணவினால் வரும் மகனீசியம் நலமுள்ள சிறுநீரகமுடையார்க்குத் தீங்கு செய்வதில்லை. மிஞ்சியதை அவை சிறுநீரோடு கழித்துவிடும்.

நாட்பட்ட நோயாளர்க்கு இப்பொருள் குறைதற்குத் தனிக் காரணங்கள் உள. நீரிழிவு அடங்காதிருப்பின், குருதியில் மிகுந்த சீனி சிறுநீரோடு வெளியேறும் பொழுது மகனீசியத்தையும் உடன் இழுத்துச் செல்லும். குருதி அமுக்கத்திற்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் சிறுநீர்பெருக்கி மருந்துகளிற் பலவும் இவ்வாறே செய்வன. நீடித்த வயிற்றோட்டத்தாலும் மிகுந்த மதுபானத்தாலும் இக்குறைவு நேரும். நெஞ்செரிவுக்காகப் பலரும் ஆண்டுக்கணக்காக விழுங்கும் ஒமெப்பிரசோல் முதலிய மருந்துகளாலும் குருதியில் மகனீசியம் குறையலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2011இல் எச்சரித்தது. அவ்வாறு குறைந்தோருட் சிலர்க்கு மகனீசியக் குளிசை மட்டும் போதவில்லை. அம்மருந்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. காரணத்தை அறியாது குளிசையை மட்டும் விழுங்குதல், ஓட்டைக் குடத்தில் நீர் நிறைத்தலை ஒக்கும்.

இங்கேதான் ஒரு திருப்பம் உண்டு. அதனை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். மகனீசியத்தை வெளியேற்றும் வாயில் சிறுநீரகம் ஒன்றே என்னலாம். நீரிழிவும் குருதி அமுக்கமும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் அச்சிறுநீரகத்தையே அரிக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் மிகக் குறைந்து, வைத்தியர் குறிக்கும் கணக்கில் 30இற்குக் கீழே இறங்கின், உட்கொண்ட மகனீசியம் வெளியேறாது குருதியிலே தேங்கத் தொடங்கும். நோயின் முற்பகுதியில் மகனீசியம் ஒழுகிப் போகின்றது. பிற்பகுதியில் அணை கட்டியதுபோலத் தேங்குகின்றது. நோயும் ஒன்று, நோயாளியும் ஒருவரே. ஆயினும் அன்று மருந்தாயிருந்த குளிசை இன்று நஞ்சாகலாம். அந்த மாற்றம் நிகழ்ந்த நாளை நோயாளி உணரார். சிறுநீரக நோய் நெடுங்காலம் நோவின்றியே வளரும் இயல்புடையது. நம் நாட்டின் வடமத்திய மாகாணத்திலே 1990ஆம் ஆண்டுகள் முதலாக, நீரிழிவோ குருதி அமுக்கமோ இல்லாத கமக்காரர் பலரையும் நாட்பட்ட சிறுநீரக நோய் பற்றியமையை யாவரும் அறிவர். ஆகவே "எனக்குச் சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை" என்பது சோதித்துச் சொல்ல வேண்டிய சொல்; உணர்ந்து சொல்லக்கூடியதன்று.

மகனீசியம் மிகுந்தால் முதலிற் குமட்டலும் உடற்சோர்வும் முகச்சிவப்பும் தோன்றும். பின்னர் அயர்வு மிகும். குருதி அமுக்கம் தாழும். முழங்காலைத் தட்டினால் எழும் அனிச்சைத் துடிப்பு மறையும். இன்னும் மிகின் நாடி தளர்ந்து, மூச்சு ஒடுங்கி, இருதயமும் நின்றுவிடும். மலச்சிக்கலுக்கு மகனீசியம் ஒட்சைட்டைப் பெரிதும் வழங்கும் ஜப்பான் நாட்டில், முதியோர் சிலர் இவ்வாறு பாதிக்கப்பட்டமையால், நெடுநாள் உட்கொள்வோருடைய குருதியைச் சோதிக்குமாறு அரசினர் 2008இல் எச்சரிக்கை விடுத்தனர்.

இப்பொருளை வைத்தியர் எவ்வளவு கவனத்தோடு கையாளுகின்றனர் என்பதற்குப் பிள்ளைப்பேற்று விடுதியே சான்று. கருவுற்ற பெண்களுக்கு அமுக்கம் மிகுந்து வரும் வலிப்பைத் தடுக்க மகனீசியம் சல்பேற்றை ஊசி வழியாக ஏற்றுவர். 33 நாடுகளிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடத்து நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வில், அது வலிப்பைப் பாதிக்கு மேலாகக் குறைத்தமை நிறுவப்பட்டது. உயிர் காக்கும் அம்மருந்தை ஏற்றும் பொழுதும் தாதியர் முழங்காலைத் தட்டிப் பார்ப்பர், மூச்சை எண்ணுவர், சிறுநீர் போதியளவு வெளியேறுகின்றதா என்று அளப்பர். தீங்கு நேரின் கொடுத்தற்குக் கல்சிய மருந்தையும் அருகே வைத்திருப்பர். வைத்தியசாலையில் இத்தனை காவலோடு தரப்படும் ஒன்றை, வீட்டில் ஒரு காவலுமின்றி நாம் விழுங்குகின்றோம்.

மகனீசியக் குளிசை புகழப்படும் அளவிற்குப் பயன் தருவதுதானா? கால் இழுப்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கொக்கிரேன் மதிப்புரை, முதியோர்க்கு வரும் தசைப்பிடிப்பை மகனீசியம் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்குமெனத் தோன்றவில்லை என்று முடிவு கூறிற்று. குருதி அமுக்கத்தை இது சராசரியாக 2 மில்லிமீற்றர் அளவே குறைப்பதாக 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது. எனவே அமுக்க மருந்தை விடுத்து இதனை நம்புதல் பேதைமை. உண்மையான குறைவு உள்ளவர்க்கோ இது பெருந்துணை. அக்குறைவை அறிந்து நிரப்புதல் வைத்தியர் கடமை.

இன்னும் சில குறிப்புக்கள் உள. போத்தலின் மேலுள்ள எழுத்தை வாசிக்கும் பொழுது, உப்பின் நிறையும் அதிலுள்ள மகனீசியத்தின் நிறையும் வெவ்வேறு என்பதை மறத்தல் கூடாது. 500 மில்லிகிராம் மகனீசியம் ஒட்சைட்டில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் மகனீசியம் உண்டு. சித்திரேற்று வகையில் அவ்வளவு இல்லை, ஆயினும் அது குடலில் எளிதாக உறிஞ்சப்படும். உணவிலன்றிக் குளிசையாகவும் மருந்தாகவும் கொள்வது நாளுக்கு 350 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது என்பது அமெரிக்கர் வகுத்த எல்லை. ஐரோப்பியர் 250 என்பர். இவை நலமுள்ளோர்க்கு உரியன. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இவையும் பொருந்தா. மகனீசியாப் பால் ஒரு தேக்கரண்டியிலே ஏறக்குறைய 165 மில்லிகிராம் இருத்தலால் அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வயிற்றெரிவுக்குச் சப்பும் குளிசைகள் சிலவற்றிலும் மகனீசியம் உண்டு.

வேறு மருந்துகளோடு இது பிணங்குதலும் உண்டு. சிப்புரோபிளொட்சசின், தெற்றாசைக்கிளின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளைக் குடலிலே பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும். தைரொயிட்டுக் குளிசைக்கும் இதற்கும் இடையே நான்கு மணி நேரமாவது செல்லுதல் வேண்டும். மயஸ்தீனியா எனப்படும் தசைத்தளர்ச்சி நோயுடையார்க்கு இது பெருங்கேடு விளைக்கும்.

ஆதலின், நாட்பட்ட நோயோடு வாழும் அன்பர்க்கு யாம் வேண்டிக்கொள்வன இவை. மகனீசியக் குளிசையைத் தொடங்குமுன் சிறுநீரகச் சோதனை செய்வித்து வைத்தியரிடம் கேளுங்கள். முன்னரே உட்கொண்டு வருவீராயின் மறையாது சொல்லுங்கள். வைத்தியர் விதித்ததாயின், அஞ்சி நீங்களாகவே நிறுத்தாமல், இன்னும் வேண்டுமா என்று ஆண்டுதோறும் வினாவுங்கள். கிளினிக்குக்குச் செல்லும் பொழுது துண்டை மட்டுமன்றி, வீட்டிலுள்ள போத்தல்கள் யாவற்றையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். அயல்நாடுகளில் வாழும் பழைய மாணவர்களே, பெற்றோர்க்குக் குளிசை அனுப்புமுன் அவர்களுடைய அண்மைக் காலச் சோதனை முடிவைக் கேட்டறியுங்கள். கேட்டறிதலும் ஓர் அன்பே.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகின்றது. அதன் இறுதிப் பாட்டோ, நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்னும் நால்வகை உறுப்பைக் கூறி முடிகின்றது. வகுப்பறையில் யாம் அதனைப் பலமுறை கற்பித்துள்ளோம். எம் உறவினர் வீட்டிலே அதன் பொருளைக் கற்றோம். அங்கே மருந்து இருந்தது, நோயாளி இருந்தார், பணிபுரிவோர் பலர் இருந்தனர். அந்தப் போத்தலைப் பற்றி வைத்தியருக்கு ஒரு சொல் சொல்வார் மட்டும் இருந்திலர். விழாவிற் கூடும் நண்பர் இனிச் சட்டைப்பையிலிருந்து போத்தலை எடுக்கும் பொழுது, "உம்முடைய வைத்தியருக்குத் தெரியுமா?" என்று நாம் ஒரு கேள்வி கேட்போமாக. நெடுநாள் நட்புக்கு அது அடுத்த கேள்வியே.