சாய்ந்த பெயர்களும் செம்பூர் வகுப்பும்

போன பொதுக்குழுவில் செம்பூர் தமிழ் வகுப்பை மூடிவிடுவதென்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது. காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் போட்ட ஒரு பட்டை வரைபடம்.

நம் சங்கம் ஞாயிறுதோறும் ஒன்பது இடங்களில் தமிழ் வகுப்பு நடத்துகிறது. எந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள் என்று ஆண்டறிக்கையில் ஒரு பட்டியல் வரும். “பட்டியலை யார் சார் படிக்கிறார்கள்? படமாகப் போட்டுவிடுங்கள்” என்றார் செயலாளர். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது.

எக்ஸெலில் எண்களைக் கொடுத்ததும் ஒன்பது பட்டைகள் எழுந்து நின்றன. தகராறு செய்தவை கீழே வரும் பெயர்கள்தான். ‘சயான்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அடங்கியிருக்கும். நானோ ‘செம்பூர் – கோயில் கூடம்’, ‘டோம்பிவிலி கிழக்கு – மாடி அறை’ என்று முகவரியே எழுதியிருந்தேன். இடம் போதாதபோது எக்ஸெல் தானாகவே பெயர்களைச் சாய்த்துவிடும். அதிலும் அடங்காவிட்டால் சில பெயர்களைக் காட்டாமலே விட்டுவிடும். எனக்கு 45 டிகிரிச் சாய்வில் எல்லாம் வந்துவிட்டன. பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

அச்சகத்தின் எழுத்துருவுக்கு மாற்றியபோது தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோயிற்று. பெயர்களை நானே மறுபடி தட்டச்சு செய்து, ஒவ்வொன்றாகச் சாய்த்து, பட்டைக்குக் கீழே வைத்தேன். தவறு நடந்தது அங்கேதான். மேல்நோக்கி ஏறும் சாய்வில் பெயரின் கடைசி எழுத்துதான் பட்டையின் அடிக்கு நேராக நிற்க வேண்டும். நான் பெயரின் நடுப்பகுதியை நேராக வைத்துவிட்டேன். ஆகவே ஒவ்வொரு பெயரின் நுனியும் வலப்பக்கத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பெயர் நீளமாக ஆக, விலகலும் கூடியது.

செம்பூருக்கு அடுத்த பட்டை முலுண்டு. அங்கே படிப்பவர்கள் 7 பேர்.

“பத்துக் குழந்தைகூட இல்லாத செம்பூருக்கு எதற்கு வாடகை?” என்று ஒருவர் எழுந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். செம்பூரில் பாடம் சொல்லித்தரும் மாமி பின்வரிசையிலிருந்து, “என் வகுப்பில் 31 பேர். போன வாரம் பாய் போதாமல் பேப்பரை விரித்து உட்கார வைத்தேன்” என்றார். குரல் நடுங்கியது. அச்சில் வந்ததை நம்புவதா, அவர் சொல்வதை நம்புவதா என்பதுபோல் சபை பார்த்தது. பட்டையின் தலையில் எண்ணைப் போடாமல் விட்டது என் இரண்டாவது தவறு.

அறிக்கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த தாராவி அண்ணாச்சி ஒருவர்தான் கண்டுபிடித்தார். “தம்பி, கடைசியில கல்யாண்னு போட்டிருக்கே, அது எந்தப் பட்டையைக் காட்டுது?” பார்த்தேன். அதற்கு மேலே பட்டையே இல்லை, ஆகாசத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பட்டை வரைபடத்துக்கு முன்னோடி என்று சொல்லப்படும் வில்லியம் பிளேஃபேர் என்ன செய்தார் என்று தேடிப் பார்த்தேன். ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடக்காரராக வேலை பார்த்தவர் அவர். 1786-இல் வெளியிட்ட புத்தகத்தில், ஸ்காட்லாந்து 17 இடங்களுடன் நடத்திய ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாகப் போட்டிருக்கிறார். மற்ற நாட்டுக் கணக்குகளுக்குப் பல ஆண்டுப் புள்ளிகள் கிடைத்ததால் கோடு இழுத்தார். ஸ்காட்லாந்துக்கு ஓர் ஆண்டுக் கணக்குத்தான் இருந்தது. அந்தப் பட்டைகள் படுத்துக் கிடக்கின்றன. பெயர்கள் வலது ஓரத்தில், தலையைச் சாய்க்காமல் படிக்கும்படி இருக்கின்றன! எழுத்து இடமிருந்து வலமாகப் படுக்கையாக ஓடட்டும் என்று எட்வர்ட் டஃப்டி 1983-இல் எழுதிய புகழ்பெற்ற நூலிலும் சொல்லியிருக்கிறார். நான்தான் ஜோரைப் பார்த்து ஏமாந்தேன்.

நம் எழுத்துக்குச் சாய்வு இன்னும் ஆகாது. பொடி எழுத்தில் சாய்த்து ஜெராக்ஸ் எடுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளி. பெயர்களின் நீளம் வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் கர்நாடகத்தில் 21 லட்சத்துக்கு மேல், மகாராஷ்டிரத்தில் 5 லட்சத்துக்கு மேல். இதை எல்லா மாநிலங்களுக்கும் படம் போட்டுப் பாருங்கள். ஆந்திரம், அருணாசலம், இமாச்சலம், மத்தியம், உத்தரம் என்று ஐந்து பட்டைகளின் அடியிலும் கண்ணில் படுவது ‘பிரதேசம்’தான், எந்தப் பிரதேசம் என்பது கீழே கோடியில் கிடக்கும். சரி, பெயரைச் சுருக்கலாமென்றால் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏழு ‘திரு’வில் தொடங்குகின்றன.

மாதக் கணக்கு, ஆண்டுக் கணக்கு என்றால் பட்டைகள் நின்றுதான் ஆக வேண்டும். காலம் இடமிருந்து வலமாகப் போவதுதான் கண்ணுக்குப் பழக்கம். அங்கே ‘ஜன.’, ‘பிப்.’ போதும். கொஞ்சம் நீளமான பெயரை இரண்டு வரியாக மடிக்கலாம். சாய்த்தே தீரவேண்டுமென்றால் நுனி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். என் மகன் பைதானில் மேட்பிளாட்லிப் வைத்துப் படம் போடுகிறான். அங்கும் சாய்வை மட்டும் 45 என்று கொடுத்தால் பெயரின் நடுப்பகுதிதான் பட்டைக்கு நேராக வருமாம். வலது ஓரத்தைச் சேர்க்கச் சொல்லித் தனியாக எழுத வேண்டுமாம். கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திருத்திய படத்தில் பட்டைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். எக்ஸெலில் இதற்கொரு வேடிக்கை உண்டு: பட்டியலில் முதலில் இருப்பது அடியில் போய் உட்காரும், அச்சின் வரிசையைத் தலைகீழாக்கு என்று சொன்னால்தான் மேலே ஏறும். பெயர்கள் இடப்பக்கம், எண்கள் பட்டையின் முனையில். செம்பூர் 31, டோம்பிவிலி 24.

முலுண்டு 7 என்பதும் இப்போது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிறது. பழைய படத்தில் முலுண்டின் பெயர் டோம்பிவிலிப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்ததால், அன்று முலுண்டுக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வகுப்பைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறார்கள். அந்த ஏழு குழந்தைகளின் பெற்றோர் அவசியம் வரவேண்டும்.